பாலத்தில் இறக்கிய லோடு

அவசரக்குடுக்கை என்று எத்தனையோ பேரைச் சொல்கிறோம். ஆனால் அந்தப் பட்டத்தைப் பாதியில் வெட்டி, வெறும் குடுக்கை என்றே ஊர் கூப்பிடும் அளவுக்கு முன்னேறியவன் இவன் ஒருவன்தான். குப்பை லாரி டிரைவர். உட்காரத் தெரியாத ஆள். நின்றுகொண்டே சாப்பிடுவான். முடிவெட்டப் போனால் பாதித் தலையோடு எழுந்து வெளியே வந்து, லாரி நிறுத்திய இடத்தில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான். லாரியில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் அடங்குவான். தான் உட்கார்ந்திருந்தாலும் ரோடு நகர்கிறதே, அந்த ஆறுதல்தான்.

இன்றைக்கு ரோடும் நகரவில்லை. கால்வாய்ப் பாலத்தின் மேல், முன்னும் பின்னும் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்க, நடுவில் குப்பை ரொம்பிய லாரியோடு மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்து சீட்டில் லோடர் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். இந்த இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்ட சூப்பர்வைசருக்கு நல்ல குசும்பு என்றுதான் சொல்லவேண்டும்.

குடுக்கை ஹாரனை அடித்தான். ஸ்டியரிங்கைத் தட்டினான். கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, மூடி, மறுபடி திறந்தான். சாதாரண நாளிலேயே இப்படித்தான். இன்றைக்கு வேறு, கால்வாய்ச் சோதனைக்குக் கடைசி நாள்.

விஷயம் இதுதான். நகரத்துக் குப்பையை, அது சேர்கிற யார்டிலிருந்து கொட்டுகிற கிடங்குக்கு லாரியில் கொண்டுபோகாமல், கால்வாயில் படகு வைத்துக் கொண்டுபோனால் என்ன என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. புகை மிச்சம், நெரிசல் மிச்சம், ரோட்டில் வழிகிற அசிங்கம் மிச்சம். சில மாதமாக ஒரே ஒரு படகை ஓட்டிப் பார்க்கிறார்கள். படகு என்றால் அழகாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நீளமான இரும்புத் தொட்டி, அதன் பின்னால் ஆள் நின்று ஓட்ட ஒரு தகரக் கேபின், அவ்வளவுதான். இன்றைக்கு அதிகாரிகள் அதில் ஏறி, போக ஒருதரம், வர ஒருதரம் பார்ப்பார்கள். அவர்கள் தலையாட்டிவிட்டால் இந்த ரோட்டில் குப்பை லாரி கிடையாது. டிரைவர்களைத் தெருவில் விட்டுவிட மாட்டார்களாம். யார்டு வாசலில் காவல் வேலை தருவார்களாம். ஒரு நாற்காலி, ஒரு விசில், தூக்கி இறக்க ஒரு தடுப்புக் கம்பி.

நாற்காலி. அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அவனுக்குத் தூக்கமில்லை. ஜெயிலில் போட்டால்கூட உள்ளே நடந்துகொண்டிருக்கலாமே என்று பெண்டாட்டியிடம் சொன்னான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லாரி போனால் தான் ஒன்றுமில்லாமல் போய்விடுவோம் என்று நிஜமாகவே பயந்தான்.

சரி, படகு தோற்கட்டும் என்று நிம்மதியாக வேண்டிக்கொள்ளவும் வழியில்லை. படகை ஓட்டுகிறது அவனுடைய அக்கா.

கூடப் பிறந்த அக்கா. ஒரே வீட்டில் அவள் கீழே, இவன் மேலே. பல வருடம் தெருக் கூட்டினவள். துடைப்பம் பிடித்துப் பிடித்து அவள் முதுகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே போயிருந்தது. படகு ஓட்டப் பழக ஆள் வேண்டும் என்று அறிவிப்பு வந்தபோது கையைத் தூக்கினாள். கூட்டமே சிரித்தது. முதலில் சிரித்தது தம்பிதான். அவள் அதை எருமை மேல் மழை பெய்த மாதிரி தட்டிவிட்டுப் போய்ப் பழகி வந்தாள். இப்போது கேபினில் நிமிர்ந்து நிற்கிறாள். சோதனை தோற்றால் அவளுக்கு மறுபடி துடைப்பம்தான். அதுவும் அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மாடிப்படியில் நேருக்கு நேர் வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், ஒருவர் செருப்பைப் பார்ப்பார். ஏதாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால் நடுவில் அவன் பெண்டாட்டி தபால்காரி. முந்தாநாள் சாயங்காலமும் அப்படித்தான், அக்கா காதில் விழட்டும் என்று பெண்டாட்டியிடம் உரக்கச் சொன்னான்.

"உன் நாத்தனார் படகுக்கு அடியில எப்பவும் ஒரு சாண் சாக்கடத் தண்ணி கெடக்கும். சுத்தமா எறைக்கக்கூட வக்கில்ல. அதிகாரிங்க மூக்கப் பொத்திக்கிட்டு ஓடப் போறாங்க பாரு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. குப்பையை இறக்கிய பிறகு தொட்டியைக் கழுவுவாள். கழுவிய தண்ணீரை இறைக்க இருந்தது ஒரு கிழட்டு பம்ப். அது இருமி இருமிக் கொஞ்சம் துப்பிவிட்டு நின்றுவிடும். மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வருவாள். யார்டில் அவளைச் சோம்பேறி என்று கேலி செய்வதற்கு அந்தத் தண்ணீர்தான் சாக்கு.

பாலத்தில் திடீரென்று ஜனங்கள் வண்டியை விட்டு இறங்கி, ஒரு பக்கக் கைப்பிடிச் சுவரை நோக்கி ஓடினார்கள். குடுக்கைக்குக் கேட்கவா வேண்டும். லாரியை அணைத்துவிட்டுக் குதித்தான். இடித்துத் தள்ளிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தான்.

அக்காவின் படகு பாலத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டு நின்றது.

முன்பாதி பாலத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் இருக்கிற கேபின் மட்டும் வெளியே வரவில்லை. அந்தப் பாலத்தில் ஒரு கோளாறு உண்டு. இந்தப் பக்க ஓரத்தில், அடியில், தண்ணீர்க் குழாய் ஒன்று தொங்கிக்கொண்டு போகும். கேபின் கூரை அந்தக் குழாயில் போய் முட்டி நின்றுவிட்டது. தகரம் நசுங்கியிருந்தது.

அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். நெஞ்சில் வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது. என் லாரி பிழைத்தது என்று வாய்விட்டே சொன்னான். பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

சுவரோரம் இருந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். லோடு அதிகம், பாதியை இறக்கு என்றார் ஒருவர். அவரும் லாரிக்காரராக இருக்கவேண்டும். லாரி பாலத்துக்கு அடியில் மாட்டினால் சுமையைக் குறைக்கவேண்டும், டயரில் காற்றை இறக்கவேண்டும். குடுக்கையும் அதைத்தான் நினைத்தான். ஆனால் கீழே இறக்குவதற்கு என்ன இருக்கிறது? கிடங்கில் கொட்டிவிட்டு வெறும் தொட்டியாகத் திரும்பி வருகிற படகு அது.

வெறும் தொட்டி என்றால் வெறும் தொட்டிதான். அப்படி ஒரு சுத்தத்தை அவன் அந்தப் படகில் பார்த்ததே இல்லை. துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளத்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மேலே துணிகூட விரித்திருந்தாள். அதிகாரிகள் மூன்று பேர் எழுந்து, குடையும் பையுமாக முன்பக்கம் போய் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களில் பெரிய அதிகாரி கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். படகு கரையில் முட்டாமல் கழி ஊன்றுகிற ஆள் அவர்களைக் கரையில் இறக்கப் பலகை தேடிக்கொண்டிருந்தான்.

அக்கா கேபினை விட்டு வெளியே வந்து, தொட்டியின் விளிம்பில் நின்று, அந்த அம்மாளிடம் பேசினாள். தண்ணீருக்கு மேல் பேச்சு தெளிவாகக் கேட்கும். அவள் எதையும் மறைக்கவில்லை.

"தப்பு என்னோடதும்மா. எப்பவும் அடியில கழுவின தண்ணி கெடக்கும். அந்தக் கனத்துலதான் படகு தாழ்ந்து வந்திருக்கு, நான்தான் அத கவனிக்கல. நீங்க வர்றீங்கன்னு இன்னொரு பம்ப் வாங்கி மொத்தத்தையும் எறைச்சிட்டேன். வெறும் படகு மேல தூக்கிக்கிச்சு. கனம் வேணும், அவ்வளவுதான்."

மேலே நின்ற குடுக்கைக்கு முகத்தில் ஈயாடவில்லை. இறைக்க வக்கில்லை என்று மாடியிலிருந்து கத்தியது யார்? இவன்தான். அவள் இன்னொரு பம்புக்கு அலைந்து வாங்கி வந்தது யார் வாய்க்குப் பயந்து? இவன் வாய்க்கு. வேண்டுமென்று திட்டம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாகக் கவிழ்த்திருக்க முடியாது.

அந்த அம்மாள் நல்லவள்தான். தொட்டியில் தண்ணீர் ஏற்றினால் என்ன என்று கேட்டாள். பம்புகள் கிடங்கிலேயே இருக்கின்றன என்றாள் அக்கா. வாளியால் மொண்டு ஊற்றுவதானால் பொழுது போய்விடும். அதுவரைக்கும் பொறுக்க முடியாது, மேலே மதகு திறந்துவிட்டிருந்தார்கள். கால்வாயில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஏற ஏறக் குழாய் கேபினை இன்னும் அமுக்கும். தகரம் ஒருதரம் கிறீச்சென்றது. அதிகாரிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்தவர், இப்படி நடுவழியில் நிற்கிறதை நம்பி ஊர்க் குப்பையை எப்படி ஒப்படைப்பது என்று அந்த அம்மாளிடம் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பலகை கிடைத்துவிட்டது. அவர்கள் கரையில் கால் வைத்து, காரில் ஏறிவிட்டால் கதை முடிந்தது.

அக்கா கரையைப் பார்த்துக் கூப்பிட்டாள். ஒரு ஐம்பது அறுபது பேர் ஏறி நின்றால் போதும், ஒரு நிமிஷம்தான், கழுவின படகு, அழுக்கு ஒட்டாது என்று கெஞ்சினாள். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குப்பைப் படகில் எவன் ஏறுவான்? ஒரு காய்கறிக்காரர் மட்டும் ஏறினார். தனியாக நிற்க வெட்கமாகப் போய், கொஞ்ச நேரத்தில் அவரும் இறங்கிவிட்டார்.

அப்போதுதான் அக்கா நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தாள்.

சுவருக்குப் பின்னால் நிற்கிற லாரியைப் பார்த்தாள். தார்ப்பாயை முட்டிக்கொண்டிருந்த லோடைப் பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். ஐந்து டன் கனம், அவள் தலைக்கு மேலேயே நிற்கிறது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது இவனுக்கும் புரிந்துவிட்டது. கேட்கப் போகிறாள் என்று உடம்பை விறைத்துக்கொண்டு நின்றான். முடியாது என்று சொல்லத் தயாராக இருந்தான். நல்ல பதிலாக நாலு வைத்திருந்தான்.

அவள் கேட்கவில்லை. பார்வையை இறக்கிக்கொண்டு, கேபினுக்குள் குனிந்து, எஞ்சினை என்னவோ நோண்ட ஆரம்பித்தாள்.

குடுக்கைக்கு ரத்தம் கொதித்தது. கேளேன், வாயைத் திறந்து கேட்டால்தான் என்ன, முத்தா உதிர்ந்துவிடும் என்று பல்லைக் கடித்தான். சுவரிலிருந்து லாரிவரை நடந்தான். லாரியிலிருந்து சுவர்வரை நடந்தான். சும்மா இருந்தாலே போதும். கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றால் போதும், லாரி தங்கிவிடும். எந்தப் பாவமும் செய்யவேண்டாம். உலகத்திலேயே சுலபமான வேலை அவனுக்கு வாய்த்திருந்தது, சும்மா இருக்கிற வேலை. மறுபடி எட்டிப் பார்த்தான். குனிந்திருந்த அவள் முதுகு தெரிந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்த முதுகு. எஞ்சினில் பார்க்க ஒன்றுமே இல்லை, அவள் முகத்தைத்தான் மறைக்கிறாள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன.

அந்த அம்மாள் பலகையில் ஒரு காலை வைத்தாள்.

குடுக்கை ஓடிப்போய் லாரியில் ஏறினான். எஞ்சின் உறுமியதில் தூங்குமூஞ்சி விழித்துக்கொண்டு, வந்துட்டமா என்று கேட்டான். இறங்கித் தார்ப்பாயை அவிழு என்றான் இவன். எங்கே கொட்டப்போகிறோம் என்று கேட்டதற்குப் பதில் சொல்ல நேரமில்லை. முன்னால் நின்ற காரை ஹாரனால் நெட்டித் தள்ளினான். பின்னால் நின்ற வேன்காரரிடம் கையெடுத்துக் கும்பிட்டான். முன்னும் பின்னுமாக ஒடித்து ஒடித்து, லாரியைப் பாலத்தின் குறுக்கே திருப்பினான். பாலமே அடைபட்டுப் போனது. அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். போக்குவரத்துக் காவலர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவந்தார். எதுவும் காதில் ஏறவில்லை. பின்புறம் கைப்பிடிச் சுவருக்கு மேல் நீட்டிக்கொள்ளும்வரை ரிவர்ஸ் எடுத்துவிட்டு இறங்கி ஓடினான். நாற்காலிகளை எடுக்கச் சொல்லிக் கீழே கத்தினான்.

அக்கா நிமிர்ந்தாள். அப்புறம் ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு, அதுவும் அதட்டல்தான்.

"அங்க கொட்டாதடா. முன்னால விழுந்தா பின்பக்கம் இன்னும் தூக்கிக்கும். கேபின ஒட்டி, என் பக்கமாக் கொட்டு."

அது அவன் புத்திக்கு எட்டியே இருக்காது. லாரிக்காரனுக்கு லோடு லோடுதான். மறுபடி ஏறி, ஒரு முழம் முன்னே வந்து, ஒடித்து, அவள் கை காட்டிய இடத்துக்கு நேராகப் பின்னால் போனான். நாற்காலிகளைக் கழிக்காரன் அள்ளிக்கொண்டு ஓடினான். குடுக்கை லீவரைப் பிடித்தான். கை ஒரு நொடி நின்றது. இந்த லாரியில் கடைசியாகக் கொட்டுகிற லோடாக இதுதான் இருக்கும் என்று தோன்றியது. இழுத்துவிட்டான்.

பெட்டி எழும்பியது. நகரத்தின் நேற்றைய மிச்சமெல்லாம் சுவரைத் தாண்டிச் சரிந்து, அந்தப் பளபளத்த தொட்டிக்குள் தொபதொபவென்று விழுந்தது. கொஞ்சம் பாலத்தில் சிதறியது. கொஞ்சம் கால்வாயில் போனது. ஒரு அதிகாரியின் குடையும் கூடவே போனது. நாற்றம் எழும்பியதில் சுவரோரம் நின்ற கூட்டம் பத்தடி பின்வாங்கியது. படகு முதலில் அசையவில்லை. பிறகு பின்பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. கேபின் கூரை குழாயை விட்டு ஒரு விரல், இரண்டு விரல், நாலு விரல் இறங்கியது. அக்கா உள்ளே பாய்ந்து எஞ்சினைத் தட்டினாள். படகு குழாயைத் தொடாமல் வெளியே வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துத் தட்டினார்கள்.

பலகையில் கால் வைத்த அந்த அம்மாள் முன்னமே காலை எடுத்துப் படகுக்குள்ளேயே வைத்துவிட்டிருந்தாள். யார்டுவரைக்கும் அதிலேயே வருகிறேன் என்றாளாம், குப்பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. மற்ற இருவரும் கரை வழியாக நடந்தார்கள்.

காவலர் குடுக்கையின் லைசென்ஸைப் பிடுங்கி எழுதிக்கொண்டார். பொது இடத்தில் குப்பை கொட்டிய குற்றம். குப்பை லாரி ஓட்டி அந்தக் குற்றத்தில் மாட்டிய முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். சிரிப்பு வரவில்லை.

வெறும் லாரியை ஓட்டிக்கொண்டு அவன் யார்டுக்கு வந்தபோது படகு முன்னமே வந்து கட்டியிருந்தது. அந்த அம்மாள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுப் போய்விட்டாளாம். கால்வாய் சரி, அடுத்த மாதத்திலிருந்து படகுதான், திரும்பி வரும்போது அடியில் தண்ணீர் நிறுத்தி வரவேண்டும், குழாயைத் தூக்கிக் கட்டவும் சொல்கிறேன் என்று. இந்த ரோட்டில் இனி லாரி கிடையாது என்றும் சொன்னாளாம். அவன் கேட்டுக்கொண்டான். தெரிந்த செய்திதான்.

அவன் கொட்டிய லோடு, புறப்பட்ட யார்டுக்கே திரும்பி வந்து கிடந்தது. ராத்திரி முழுக்க அதைத் தொட்டியிலேயே விட்டுவைக்க முடியாது. மேலே ஏற்றிவிட்டுக் கழுவவேண்டும். அக்கா தனியாகக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். இவன் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் வெட்டி நிரப்ப, அவள் தூக்கினாள். நாலைந்து கூடைக்கு மேல் அவனால் அடக்கிக்கொள்ள முடியவில்லை.

"என்னைப் பார்த்தேல்ல. ஒரு வார்த்த கேட்டா என்ன, கொறஞ்சா போயிருவ?"

அவள் கூடையைக் கீழே வைத்தாள்.

"கேட்டிருந்தா நீ செஞ்சிருப்பே. அதான் கேக்கல."

"முடியாதுன்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பே. சொல்லிட்டு, திட்டிட்டு, செஞ்சிருப்பே. எனக்குத் தெரியாதா ஒன்ன." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "உன்கிட்டேருந்து அந்த லாரிய வாங்க எனக்கு வாய் வரலடா."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்றம், கண் எரியுது என்றான். ஆமாம் என்றாள் அவளும். இன்னும் பாதி லோடு கிடந்தது. அவன் குனிந்து அடுத்த கூடையை நிரப்பினான்.